சூரன் தின்ற டொபி

பிற்பகல் நாலு மணி பத்துக்குச் சூரன் கோயிலின் பின்கதவால் வெளியே வந்தான். முதலில் தெரிந்தது மீசை. பிறகு உருட்டிய கண்கள். அதற்கும் கீழே, சூரனைச் சுற்றிக் கட்டிய பட்டுத்துணியின் விளிம்பில், என் மாமாவின் குளிர்காலச் சப்பாத்து. சூரன் உருவத்தைச் சுமக்கும் முன்தடியைத் தோளில் வைத்திருந்தவர் அவர்தான்.

நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அன்று ஹலோவீனுக்கு மறுநாள். கந்தசஷ்டியின் கடைசி நாளும் அதுவே. கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் சூரன் போர். எனக்கு ஆறு வயது.

ஒக்டோபர் மாதம் முழுவதும் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து பேய்ப் படப்புத்தகங்கள் கொண்டுவந்தேன். இருட்டுக்குப் பயந்து அம்மாவோடு படுக்கும் பேய், விளக்குமாறு பழுதானதால் பஸ்ஸில் போகும் சூனியக்காரி என்று எல்லாமே சிரிப்புக் கதைகள், எல்லாமே பிரெஞ்சு. அம்மா அப்பாவின் பிரெஞ்சு கடை வாசலோடு நின்றுவிடும். அம்மாவின் தம்பியான மாமா டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் அந்த மொழியைப் பழகியிருந்தார். அதனால் வாசிக்கும் வேலை அவருடையது.

எனக்குப் பிடித்தது மூன்று தலைப் பூதத்தின் கதை. அது கதவு கதவாகத் தட்டும். எல்லோரும் அலறிக்கொண்டு சாத்துவார்கள். கடைசி வீட்டுச் சிறுமி மட்டும் அலறாமல் ஒரு டொபி மிட்டாயை நீட்டுவாள். மூன்று தலைகளும் அதற்குச் சண்டை பிடிக்கும். மாமா ஒரு தலைக்குத் தன் தலைமைச் சமையற்காரரின் பிரெஞ்சைக் கொடுத்தார். இன்னொன்றுக்கு வானொலிச் செய்தித் தமிழ். மூன்றாவது தலை, அன்னதானத்தில் இன்னொரு வடை கேட்கும் கிழவரைப்போலப் பேசியது.

எந்தப் பூதமும் பசியால்தான் உறுமுகிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

சூரனுக்கும் தலைகள் மாறின. ஆனைத்தலை வந்தது, ஐயர் முருகனின் வேலை நீட்டினார், கூட்டம் "அரோகரா" என்றது, தலை கழற்றப்பட்டது. சிங்கத்தலைக்கும் அதே கதி. யாரும் அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மறுபடி மீசைத்தலை வைக்கப்பட்டபோது, இனி என்ன நடக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். "இனி இதையும் வெட்டுவினம்" என்றார் அம்மா, என் தொப்பியைச் சரிசெய்தபடி.

ஜாக்கெட் பையில், முதல்நாள் ஹலோவீனுக்கு வீடு வீடாகப் போய்ச் சேர்த்த டொபி ஒன்று இருந்தது. அம்மாவின் கை தொப்பியை விட்டதும் ஓடினேன்.

சூரனின் முன்னால் நின்று டொபியை உயர்த்தினேன். அது அவனுடைய இடுப்புக்குக்கூட எட்டவில்லை. "சாப்பிடு!" என்று கத்திவிட்டு அழத் தொடங்கினேன். மேளம் நின்றது.

"ஆற்ரை பிள்ளை இது? தூக்குங்கோ, தோள் முறியுது!" என்றார் பின்தடிக்காரர்.

"விடுங்கோ அண்ணை, சூரனுக்கு லஞ்சம் குடுக்கிறாள்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, சிரிப்பு பரவியது.

அப்பா வந்து தூக்கப் பார்த்தார். நான் சூரனின் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சூரன் ஒரு பக்கம் சாய்ந்தான். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இஞ்சை தா, நான் அவருக்குக் குடுக்கிறன்" என்றார் மாமா மெதுவாக.

"இல்லை. அவர் சாப்பிடுறது எனக்குக் கேக்கவேணும்."

மாமா எதிரே நின்ற மாமியைப் பார்த்தார். இருவரும் ஆறு நாளாகத் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தார்கள். மறுநாள் காலைதான் முடிப்பது. மாமி தலையை மிக மெல்ல, வேண்டாம் என்பதுபோல அசைத்தார்.

மாமா டொபியை வாங்கிக்கொண்டு பட்டுத்துணிக்குள் தலையை நுழைத்தார். தாள் சரசரத்தது. நன்றாக மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு வடைக்கிழவரின் குரல், பிரெஞ்சு நன்றியோடு, வந்தது:

"மெர்சி, பிள்ளை. சோக்காயிருக்கு. இப்ப தள்ளி நில்லு, எனக்குச் சண்டை கிடக்கு."

நான் தடியை விட்டேன். மேளம் தொடங்கியது. தலை போய், மாமரம் வந்து, சேவலும் மயிலும் வந்தன. நான் அழவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தானே போனான்.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் விரதம் முடிக்கும் சாப்பாடு. மாமி இலையின் முன் உட்கார்ந்தார். மாமா இலைக்கு வராமல் வரவேற்பறையில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்திருந்தார். மாமாவுக்குப் பசிக்கவில்லையா என்று கேட்டேன். "பேசாமல் சாப்பிடு" என்றார் அம்மா. மாமி எனக்குப் பாயசம் ஊற்றினார்.

கந்தசஷ்டியை அப்படித் தண்ணீரோடு பிடிப்பவர்கள் முருகனிடம் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமாவுக்கும் மாமிக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருடம். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.