நான் பார்க்காத பாதி

போன வாரம் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், அந்தப் பேய்ப் பட விமர்சனம்... சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சுங்க. படத்தைப் பார்த்திருந்தாக்கூட இவ்வளவு சிரிச்சிருக்க மாட்டேன்!”

எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நானும் சிரித்து வைத்தேன். பஸ் ஏறியபின் ராசிபுரம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனேன். எதுவும் கண்ணில் படவில்லை.

ஏன் என்று இன்று சொல்லிவிடுகிறேன். சொல்லப் பிடிக்கவில்லைதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. பேய், காதல், காமெடி மூன்றும் கலந்த படம். இயக்குநருக்கு அதுதான் முதல் படம். அவர் பெயரைத் தனபால் என்று வைத்துக்கொள்வோம். எடப்பாடிக்காரர். சென்னையில் வருஷக்கணக்காக உதவி இயக்குநராக இருந்துவிட்டு, ஒருவழியாக வாய்ப்பு வாங்கியவர்.

கதை இதுதான். ஓர் இளைஞன் பழைய ஆம்னி வேன் வாங்குகிறான். அதன் முன் சீட்டில் ஒரு பெண் பேய் உட்கார்ந்திருக்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது. பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் வேன் போகப் போக இரண்டு பேருக்கும் காதல்.

முதல் பாதி இழுவை. அதில் சந்தேகமில்லை. “உன் பேரு என்னன்னு சொன்னே?” என்று பேய் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் கொட்டாவி விட்டேன். போனை எடுத்துப் பார்த்தால், அதற்குள் மூன்று யூடியூப் விமர்சனங்கள்! மூன்றுமே ‘மொக்கை’ என்று தீர்ப்பு எழுதியிருந்தன. படம் எங்கள் தியேட்டரில் இன்னும் இடைவேளையைக்கூடத் தொடவில்லை.

நான் எழுந்தேன்.

இடைவேளைக்கு ஐந்து நிமிடம் இருக்கும். கூட்டம் வெளியே வருவதற்குள் பைக்கை எடுத்துவிடலாம் என்று கணக்கு. கூட்டம் என்றால்... நாங்கள் மொத்தம் இருபது பேர் இருந்திருப்போம்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். ‘பேய் கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்கிறது. வசனம் எழுதியவருக்கு என்ன பேப்பர் பஞ்சமா?’ சாயங்காலமே பத்திரிகையின் வெப்சைட்டில் வந்துவிட்டது. அந்த ஒரு வரியைப் பலர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

மறுநாள் ஒரு போன்.

“சார், வணக்கமுங்க. தனபால் பேசறனுங்க. அந்தப் படம் எடுத்தவன்.”

சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துத் தயாரானேன். அவரோ, “முதல் பாதி பத்தி நீங்க எழுதுனது சரிதானுங்க. இழுத்துட்டேன். ரெண்டாவது பாதியைப் பத்தி ஒண்ணுமே எழுதலீங்களே?” என்றார்.

“இடம் போதலை, தனபால்.”

வெப்சைட்டில் இடம் போதவில்லையாம்! அதையும் நம்பினார்.

“புடிச்சுதுங்களா?”

“பிடிச்சுது.”

“போதுமுங்க சார்... போதும்.”

போனை வைத்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, போய்ப் பார்த்துவிடலாம், பார்த்துவிட்டு இன்னொன்று எழுதலாம் என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை சேலத்தில் எங்கும் அந்தப் படம் இல்லை. எடப்பாடியில் ஒரே ஒரு தியேட்டர், மதியக் காட்சி மட்டும் என்று போனில் காட்டியது. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன்.

போய் இறங்கினால், ஏணியில் நின்று ஒருவர் புதுப்பட போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். பழைய போஸ்டரில் கதாநாயகியின் மூக்குக்குக் கீழே மட்டும் மிச்சம்.

மேனேஜர் கை விரித்தார். “அதைத் தூக்கியாச்சுங்க. கம்பெனியிலயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. யாரு வர்றாங்க? அதான் பேப்பர் பஞ்சம்னு போட்டுட்டாங்களே... நீங்க படிக்கலீங்களா?”

அவருக்கு என்னைத் தெரியாது. சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“சார்! நீங்களா?”

திரும்பினேன். தனபால். பத்திரிகையில் என் போட்டோவைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய அம்மா. மடிப்புக் கலையாத புடவை, தலையில் கனகாம்பரம்.

“ரெண்டாவது தடவை பாக்கவா வந்தீங்க?” அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க வேண்டும். முடியவில்லை.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். “ஏஞ் சாமி, படம் யாருது?”

“உன்ற பையன் தனபால் எடுத்ததும்மா.”

“என்ற தனபாலா!” அம்மாவுக்குப் பூரிப்பு. “எங்க அவன்? வரலையா?”

“வருவாம்மா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அம்மா மறுபடியும் கேட்டார். “ஏஞ் சாமி, படம் யாருது?” தனபால் மறுபடியும் சொன்னார், முதல் தடவை சொல்வது போல அதே சந்தோஷத்தோடு. அப்போதுதான் புரிந்தது.

“மறதி நோவுங்க சார்” என்றார் தனபால், குரலைத் தாழ்த்தி. “என்ற மூஞ்சி மறந்து போயிருச்சு. பேரு மட்டும் இன்னும் இருக்குது. பெரிய திரையில அந்தப் பேரு வந்தா, பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமையே கூட்டியாந்திருக்கோணும். காய்ச்சலா படுத்துட்டாங்க. போன்ல காட்டுனா சின்ன எழுத்துத் தெரியறதில்லீங்க.”

எதிரில் டீக்கடை. அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அங்கேதான் நான் சொன்னேன்.

“தனபால், நான் முழுசாப் பார்க்கலை. பாதியிலே எழுந்து வந்துட்டேன்.”

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். தொழில்காரர் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“எந்த எடத்துலங்க எந்திரிச்சீங்க?”

“இடைவேளைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி.”

“அந்த அஞ்சு நிமிஷத்துலதானுங்க சார், அந்தப் பேய்ப் புள்ள ஏன் திரும்பத் திரும்பப் பேரு கேக்கறான்னு அவனுக்குத் தெரியவரும்.”

நான் டீக்குக் காசு எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்க படம் பாத்தீங்களா சாமி? நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சுங்கம்மா.”

தனபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினார். “வாம்மா, ஊட்டுக்குப் போலாம். சார், வாரனுங்க.” அவ்வளவுதான்.

அன்றைக்கே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து, திருத்தம் போட வேண்டும் என்றேன். “தியேட்டரை விட்டே போன படத்துக்கு எதுக்கு சார் திருத்தம்? பாதி பார்த்துட்டு எழுதினோம்னு நாமளே சொல்லணுமா?” என்றார். நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

ஓடிடியில் வருமா என்று விசாரித்தேன். வாங்குகிறவர்கள் விமர்சனங்களைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்களாம். இந்தப் படத்துக்கும் பார்த்திருக்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டார்கள். அவற்றில் என்னுடையதும் ஒன்றாக இருந்திருக்கும்.

ஒரு படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்கு டிக்கெட் வாங்கினால் மட்டும் போதுமா? உட்கார வேண்டாமா?

பஸ் ஸ்டாண்டில் அந்த வாசகரைப் பார்த்த மறுநாள் தனபாலைக் கூப்பிட்டேன். மச்சானுடைய போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போயிருக்கிறார். பின்னால் துளை போடும் மெஷின் ஓடும் சத்தம்.

“அம்மா எப்படி இருக்காங்க?”

“தங்கச்சி ஊட்டுல இருக்காங்க சார். இப்ப பேரு சொன்னாலும் யாருங்கறாங்க.”

“அடுத்த கதை ஏதாவது...?”

“சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க சார். அப்பறம் கூப்புடுங்க.”

நேற்று சேலத்தில் வேறொரு படத்துக்குப் போனேன். படு மோசம். ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எழுத்தெல்லாம் ஓடி முடிந்து, திரை வெள்ளையாகி, விளக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தேன். தியேட்டரைப் பெருக்க வந்த பெண்மணி துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“முடிஞ்சு போச்சுங்க சார். எந்திரிங்க.”