முதல் காய்ச்சல் யாருக்கு?

கொரோனா இரண்டாம் அலையின்போது பெசன்ட் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தேன். பள்ளி ஆசிரியை. தி.நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மூன்றாம் நாள் எனக்கு லேசான காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை, வாசலுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலையிடம் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, இருமிக்கொண்டே வஞ்சிரத்துக்குப் பேரம் பேசினேன்.

ஒரே வாரத்தில் எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகளில் காய்ச்சல். விசாரிக்க வந்த சுகாதாரப் பணியாளர், "முதல்ல யாருக்கும்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

"மீன்காரம்மாகிட்டேருந்துதான் வந்திருக்கும். மார்க்கெட்டெல்லாம் சுத்தறவ" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து காவலாளி அஞ்சலையை உள்ளே விடவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கடற்கரையில் அவளைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள்.

"வூட்டுக்காரரு கொரோனால பூட்டாரு டீச்சர். அந்த மனுசன் வெளியவே போவல. மார்க்கெட்லருந்து நாந்தான் எட்தாந்து குட்தேன். நானே கொன்னுட்டேன்" என்று அழுதாள்.

"உனக்கு எப்போ காய்ச்சல் வந்தது?"

"உங்களாண்ட கடசியா வஞ்சிரம் வித்தேனே, அதுக்கு நாலாம் நாளு."

உண்மை தொண்டைவரை வந்தது. "உன்மேல தப்பில்ல அஞ்சலை" என்று மட்டும் சொன்னேன். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் எனக்குத் தெரிந்த மருத்துவர். அந்தச் சந்தேகத்துக்குள்தான் இத்தனை நாளும் ஒளிந்திருக்கிறேன். அவளோ இன்னமும் தன்னையே கொலைகாரி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நானும் நம்ப விட்டிருக்கிறேன்.