ஜெபக் குறிப்பில் என் மனைவியின் பெயர்

கொரோனா அடங்கின மறு வருடம், சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை. பகல் பதினோரு மணி இருக்கும். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அங்கே நான் பார்த்ததை இன்று வரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வயது அறுபத்தெட்டு ஆகிவிட்டது. இனிமேல் யாருக்காக மறைப்பது?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பதினாலு வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பிறகு லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர், அப்புறம் சொந்த வண்டி. இன்றைக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கிற வண்டிகளில் ஒன்பது டிரெய்லர் என்னுடையது. அப்பன் சொத்து ஒரு செங்கல் கிடையாது. காலேஜ் படித்தவர்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யாராவது எழுந்து மைக்கில் சொல்வார்கள். பெண்கள் இரண்டு வரி சொல்லி, அழுதுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் அப்படி இல்லை. மூட்டை தூக்கினதில் தொடங்கி ஒன்பதாவது டிரெய்லர் வரைக்கும் ஒரு மூச்சில் சொல்வேன். பின்வரிசையில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். என்னைப்போல் சாட்சி சொல்ல எங்கள் சபையில் ஆள் கிடையாது என்று பாஸ்டரே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நோயில் கிடப்பவர்களின் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். ஜெபக் குறிப்பு என்று அதற்குப் பெயர். வாராவாரம் பாஸ்டர் அதை ஒவ்வொரு பெயராக வாசிக்க, சபை மொத்தமும் முழங்கால் போட்டு ஜெபிக்கும். இடைப்பட்ட நாட்களில் நாலைந்து பெண்கள் அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டு பாடி, கையைப் பிடித்து ஜெபம் பண்ணிவிட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக்கூட வருவார்கள்.

நான் சொன்ன அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வருடம் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்தது. கெட்ட கட்டி என்றார்கள். அவள் பெயரும் நோட்டில் ஏறியது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அவள் எழுந்து நடமாடின முதல் ஞாயிற்றுக்கிழமை நான் மைக்கைப் பிடித்தேன். "கர்த்தர்கிட்ட சண்டை போட்டு வாங்கிகினு வந்துட்டேன்! என் பொண்டாட்டிக்கு முழு சொகம்! இனிமே ஆஸ்பத்திரி வாசப்படிய மெரிக்க மாட்டோம். அவ பேர நோட்டுலேர்ந்து அடிச்சிடுங்க பாஸ்டர்!" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பாஸ்டர் அங்கேயே பேனாவை எடுத்து அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். அவள் என் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கி, ஸ்தோத்திரம் என்றாள்.

அந்தச் சாட்சி என்னை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனது. கொருக்குப்பேட்டையில் ஒரு கூட்டம், பெரம்பூரில் ஒரு கூட்டம் என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். நான் பேசி முடித்ததும் அவள் எழுந்து நின்று, நான் சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வாள். எட்டு மாதம் இப்படியே போனது.

நடுவில் ஒரே ஒரு முறை கேட்டாள். "ஒருதபா போய் டாக்டராண்ட காட்டிகினு வந்துடலாமாய்யா?"

"ஊரெல்லாம் சொல்லிட்டு இப்போ அங்க போய் நின்னா, நம்ம சபை ஆளு யார்னா பாத்தா இன்னா நெனைப்பான்?" என்றேன்.

அதோடு அவள் கேட்கவில்லை.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். கன்டெய்னர் வரிசை அசையாமல் நின்றதால், வண்டிக்கு வேண்டிய ஒரு தாளை எடுத்துப்போக எதிர்பாராத நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். வாசற்கதவு திறந்திருந்தது. உள்ளே சமையலறைத் தரையில் என் மனைவி சுருண்டு கிடந்தாள். காசிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாவின் மடியில் அவள் தலை. மீன் கூடை ஒரு பக்கம் அப்படியே இருந்தது. என் மனைவி முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே வராமல் இருக்க.

"துணிய எட்து போடுக்கா. அந்தாளு வூட்ல இல்ல. நல்லா வாய வுட்டு அழு," என்று மீன்காரம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

பிறகுதான் என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை.

"வா நைனா, வந்து பாரு. ஊரு ஊரா மைக்கு போட்டு கூவிகினு கீறியே, கட்னவ மூஞ்ச ஒருநாளாவது பாத்தியா?"

"எத்தினி நாளா இது?" என்றேன்.

"அஞ்சு மாசம். மீனு வாங்கற சாக்குல என் மடில வந்து அழுதுகினு கீது. புருசன் சொன்ன சொல்லு பொய்யாயிடுமேன்னு வலிய முழுங்கிகினு கீது. எனக்கு தெரிஞ்சது மாரியாத்தா, அதனாண்ட வேண்டிகினேன். உங்க கோயில்ல சொல்ல வேண்டியதுதானேன்னா, அங்க எனக்கு சொகமாயிடுச்சேன்னு சொல்லுது!"

என் மனைவி அதற்குள் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "சாப்ட்டியாய்யா?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. சில வாரங்கள்தான் என்றார் டாக்டர். சொன்ன நேரத்தில் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்பதையும் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அது அவருடைய இரக்கம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் பேர நோட்டுல திரும்ப போட சொல்லுய்யா."

பெயரைப் போட வேண்டும் என்றால் நான் சபையில் எழுந்து, இத்தனை நாள் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். "கர்த்தருக்குத் தெரியாததா? அவர் கேக்க மாட்டாரா?"

"அவருக்கு எப்பவோ தெரியும். அவராண்டதான் தெனம் அழுதுகினு கீறேன். அவரு கூடவேதான் கீறாரு, அதுல எனக்கு கொற இல்ல. ஆனா ஜனங்க வேணும்யா. சிலுவைக்கு போறதுக்கு மொத ராத்திரி கெத்செமனே தோட்டத்துல அவரே சீஷங்களாண்ட, என் கூட முழிச்சினு இருங்கன்னு கேட்டாரு. ஆண்டவரே தொணைக்கு ஆளு கேட்டாரே, நான் கேக்க கூடாதா? எட்டு மாசமா எனக்காக ஒருத்தரும் முட்டி போடலியேய்யா."

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். வாய் வரவில்லை. பாஸ்டர் அவசரத்தில் இருந்தார், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் வெளியூரிலிருந்து ஒரு பெரிய ஊழியக்காரர் பேச வந்திருந்தார். பாஸ்டர் என்னை அவருக்கு அறிமுகப்படுத்தி, அந்தச் சாட்சியைச் சொல்லுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார். இதுதான் சமயம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் எழுந்தேன். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். முன்னூறு முகங்கள் சிரித்துக்கொண்டு பார்த்தன. என் வாய் பழைய கதையையே சொல்லி முடித்தது. கைதட்டினார்கள். பேதுருவாவது உயிருக்குப் பயந்து, இயேசுவை எனக்குத் தெரியாது என்று மறுதலித்தார். நான் கைதட்டலுக்காக மறுதலித்தேன்.

வீட்டுக்கு வந்தேன். படுக்கையில் இருந்தவள் மெதுவாகக் கேட்டாள். "போட்டாங்களா?"

"போட்டாங்க. வாசிச்சாங்க. எல்லாரும் ஜெபம் பண்ணாங்க," என்றேன்.

அவள் தலையணைப் பக்கத்தில் கிடந்த போனை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். கொரோனா காலத்திலிருந்து எங்கள் ஆராதனை போனில் நேரடியாக வரும். எனக்கு அது ஞாபகமே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. லேசாகச் சிரித்தாள். "யோவ், கர்த்தர் உன் கம்பெனில டிரைவர் இல்லய்யா, நீ சொன்ன எடத்துக்கெல்லாம் வண்டிய எட்துகினு போறதுக்கு."

அந்த வாரம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தவள். அவள் வலியை விட என் பேச்சு எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. கர்த்தர் பெரியவர், அவருக்கு மேலே யாரும் இல்லை என்று எட்டு மாதம் முழங்கினேனே, அதில் ஒரு நாளாவது அவர் பெரியவராக இருந்தாரா? என் கட்டளைக்குக் கையெழுத்துப் போடுகிறவராகத்தான் அவரை வைத்திருந்தேன். நான் அறிவித்துவிட்டேன், அவர் செய்து காட்ட வேண்டும். இதற்குப் பெயர் விசுவாசம் என்று நம்பினேன்.

மூன்றாவது ஞாயிறு. சாட்சி நேரம் வரும்வரை காத்திருக்கவில்லை. முதல் பாட்டு முடிந்ததும் எழுந்து முன்னால் போனேன். மைக்கைத் தொடவில்லை.

"என் பொண்டாட்டிக்கு சொகமாகல. நான்தான் அவசரப்பட்டு சொன்னேன். போன வாரம் சொன்னதும் பொய். அவ சாகக் கெடக்கிறா. அவ பேர நோட்டுல எழுதிக்குங்க," என்றேன். பெரிய பேச்சுக்காரன், அதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"விசுவாசமா பேசுங்க ஐயா, அப்டிலாம் வாயால சொல்லாதீங்க," என்று நடுவிலிருந்து யாரோ சொன்னார்கள். பாஸ்டர் அந்தப் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டைத் திறந்தார். "நானாவது வூட்டுக்கு வந்து பாத்துருக்கணும். கோடு போட்டுட்டு வுட்டுட்டேனே," என்றார்.

பிறகு வாசித்தார். கால் எலும்பு முறிந்த ஒரு தம்பி, அடுத்து என் மனைவி, அடுத்து காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தை. அவள் பெயருக்கு விசேஷமாக ஒன்றும் இல்லை, மற்ற பெயர்களோடு ஒரு பெயர். சபை முழங்கால் போட்டது. நானும் போட்டேன். சாட்சிக்காரனாக முன்னால் நிற்காமல் எல்லோரோடும் தரையில் இருந்தது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போனபோது அவள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். பாஸ்டர் அவள் பெயரை வாசித்ததைப் போனில் கேட்டுவிட்டாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். அழுகைக்கு நடுவில் என் கையைப் பிடித்து, "நல்லா அழ முடியுதுய்யா," என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். பெண்கள் மாறி மாறி வந்தார்கள். அவள் முனகினால் யாரும் பாட்டை நிறுத்தவில்லை, முனகலோடு சேர்த்தே பாடினார்கள். மீன்காரம்மா வந்து வாசலில் தயங்கி நின்றது. "உள்ள வாடி, பாட்டு உன்ன கடிச்சிடாது," என்று இவள்தான் கூப்பிட்டாள்.

ஒரு மாலையில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவளிடம் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவள் என் விரலைப் பிடித்து இடுப்பில் வைத்தாள், முதுகில் வைத்தாள், விலாவில் வைத்தாள். ஜெபம் பண்ணு என்றாள். கண்ணை மூடினேன். 'ஆண்டவரே' என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடியும் 'ஆண்டவரே' என்றேன்.

"அது போதும்யா. இப்பதான் நீ அவர கூப்புட்ற," என்றாள்.

பத்தாம் நாள் காலையில், பெண்கள் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

சுகம் தருகிறவர் கர்த்தர் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். தராமல் போனாலும் அவர்தான் கர்த்தர் என்பதை அந்த ஒன்பது நாளில் கற்றுக்கொண்டேன். அவர் என்னை மன்னித்துவிட்டார், அவளும் மன்னித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் நோயோடு இருந்தவளைச் சுகமானவள் என்று அறிவித்து, அவளுடைய வலிக்குக்கூட இடமில்லாமல் செய்த அந்த எட்டு மாதத்தை நினைக்கும்போதெல்லாம், நான் அன்று அவள் பக்கத்தில் சொன்ன அந்த ஒற்றை வார்த்தையைத் தவிர, கர்த்தருக்கு முன்னால் சொல்ல என்னிடம் வேறு எதுவும் மிச்சம் இல்லை.