விஷம் எறங்கிப்போச்சு

அபிஷேகப்பாக்கத்தில் கூலிக்கு நெல் அறுத்த சின்னபொண்ணுவுக்குச் சாமிக்கண்ணுவின் வாயைப் பார்த்தாலே குமட்டும். அந்த ஊரில் பாம்புக்கடிக்கு மந்திரிப்பவன் அவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு, தை அறுப்பு. அவளுடைய ஏழு வயது மகள் அமுதத்தை வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தது. சாமிக்கண்ணு கடிவாயில் சாணியை அப்பினான். புகையிலை எச்சிலைத் துப்பித் தேய்த்தான். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து கஞ்சி கேட்டாள்.

"விஷம் எறங்கிப்போச்சு" என்று சொல்லிக் கூலியாக ஒரு சேவலை வாங்கிக்கொண்டு போனான்.

ஆனால் பிள்ளைக்கு மூத்திரம் போகவில்லை. ஒரே ஒரு தடவை நாலு சொட்டு விழுந்தது, கருப்பட்டிப் பாகு நிறத்தில். முகம் ஊதிக் கண் இடுங்கியது.

"ஒடம்புச் சூடும்மே. மோர் குடு" என்றான் சாமிக்கண்ணு.

"அவருதான் காப்பாத்திட்டாரே, நீ இன்னாத்துக்குப் பறக்கிற?" என்றான் புருஷன் நடேசன்.

ஏழாம் நாள் விடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கடிச்ச அன்னிக்கே வந்திருந்தா ஊசி போட்டிருப்பேன். விஷம் குண்டிக்காயக் கெடுத்துடுச்சும்மா. ஒடம்புல நீரப் பிரிக்கிறதே அதுதான்."

இரண்டு நாள் கழித்து அமுதம் செத்துப்போனாள்.

கருமாதிச் சோற்றுக்குச் சாமிக்கண்ணு முதல் பந்தியிலேயே உட்கார்ந்தான். "நான் விஷத்த எறக்கிட்டேன். அப்பறமா வந்த நோவுக்கு நான் இன்னா பண்றது?" என்றபடி சாம்பாருக்குக் கை நீட்டினான். சுற்றி இருந்த தலைகள் ஆடின. நடேசன் தலையும் ஆடியது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாமிக்கண்ணுவின் இலையைச் சோற்றோடு உருவி நாய்களுக்கு வீசினாள். புருஷன் எல்லார் முன்னாலும் அறைந்தான். அன்றிலிருந்து அவன் தொட்டாலும் அவளுக்கு அருவருத்தது.

அடுத்த வருஷம் கோயில் தெருக் காசம்மாளின் பெண்ணை விரியன் கடித்தது. சாமிக்கண்ணு குனிவதற்குள் சின்னபொண்ணு அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"வண்டியக் கட்டுங்கடா! காசம்மா, பிள்ளையத் தூக்குடி!"

ஆஸ்பத்திரியில் அன்றே ஊசி போட்டார்கள். ஒரு வாரம் கலங்கலாக வந்த மூத்திரம் மெல்லத் தெளிந்தது. பெண் பிழைத்தாள்.

சாமிக்கண்ணு வீட்டிலிருந்தபடியே மந்திரித்ததால்தான் பிழைத்தாள் என்று ஊர் பேசியது. காசம்மாளே அதைச் சொல்லக் கேட்ட சின்னபொண்ணு அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள்.