பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் என் மனைவி ஒன்றரை வருஷம் இருமினாள். எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. காலையில் முதல் பஸ் பிடித்தால் திரும்பும்போது இருட்டிவிடும். அவளுக்குப் பகலெல்லாம் பின்னறைதான். அங்கேதான் தையல் மிஷின், அங்கேதான் அவள் கட்டிலும். நான் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொள்வேன்.

முதலில் சளி என்றோம். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காசநோய் இல்லை என்றார்கள். மருந்துகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கண் அரித்தது, மூக்கு அடைத்தது, மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பின்னறையில் ஏதோ நாற்றம் வருகிறது என்று சொன்னாள். ஊதுவத்தி ஏற்றச் சொன்னேன்.

ஐப்பசி மழையில் ரிஷிவந்தியத்திலுள்ள அவள் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தாள். இருமல் நின்றுவிட்டது என்று போனில் சொன்னாள். திரும்பி வந்த இரண்டாம் நாளே மறுபடியும் ஆரம்பித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு எனக்கு.

"உங்கம்மா வூட்ல வராத இருமல் இங்க வந்தா மட்டும் வருதா? என்னாண்ட இருக்கப் புடிக்கலன்னா நேரா சொல்லிடு."

அவள் குனிந்து மிஷினை மிதித்தாள்.

அடுத்த வாரம் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு வீட்டைப் பற்றி விசாரித்தார். "எங்கயாவது சுவர்ல ஓதம் இருக்கா?"

"பின்னால ரூம்ல வாசன வருங்க சார். நனஞ்ச சாக்கு மாரி," என்றாள்.

"பூசணமா இருக்கலாம். அதோட தூள் காத்துல கலந்து மூச்சுல போகும். சில பேருக்கு ஒண்ணும் செய்யாது. சில பேருக்கு இப்படி இழுக்கும்."

வீட்டுக்கு வந்ததும் பின்னறையில் சுவரை ஒட்டி நின்ற பீரோவை நகர்த்தினேன். முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம்வரை சுவர் கறுத்துக் கிடந்தது, எலித்தோல் ஒட்டியதுபோல மெல்லிய ரோமத்தோடு. அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பொய் சொல்லலீங்க."

"தப்பு என்னுதுதான்," என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "மழன்னா எல்லா வூட்லயும் பூசணம் பூக்கும் சார். சுண்ணாம்பு அடிச்சா பூடும்."

ஞாயிற்றுக்கிழமை அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நானே சுவரைச் சுரண்டினேன். சுவரை நனைக்காமல் வறட்டுப் பிரஷால் தேய்த்தேன், சன்னலையும் திறக்கவில்லை. மூன்று நாள் நெஞ்சு இறுகிக் கிடந்தது. வகுப்பில் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். இப்படி இறுகிய நெஞ்சோடு அவள் ஒன்றரை வருஷம் ரவிக்கை தைத்திருக்கிறாள்.

சுண்ணாம்பும் அடித்தேன். குழாயை யாரும் சரிசெய்யவில்லை. ஒரு மாதத்தில் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு புள்ளிகள் வந்தன. தை மாதம் வீட்டைக் காலி செய்தோம்.

இப்போது இருப்பது மாடி வீடு. சின்னது, மேற்கு வெயில் கொளுத்துகிறது. இருமல் உடனே போகவில்லை, மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. மழை நாளில் மட்டும் இன்ஹேலர் வேண்டியிருக்கிறது. இரண்டு ரவிக்கை தைத்ததும் களைத்துப்போய்ச் சாய்ந்துகொள்கிறாள்.

பழைய வீட்டுக்கு வேறொரு குடும்பம் குடிவந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், "போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க," என்று என்னை அனுப்பினாள். கதவைத் திறந்தது ஒரு இளம்பெண். குழாயையும் சுவரையும் பற்றிச் சொன்னேன்.

"இப்பதான் புதுசா பெயின்ட் அடிச்சிக் குடுத்தாங்க சார்," என்றாள். உள்ளேயிருந்து பெயின்ட் வாசனைதான் வந்தது. எதற்கும் பீரோவைச் சுவரில் ஒட்டிப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.