பூவாண்டியின் நெஞ்சு

ஏற்றத்தில் பூவாண்டியிடம் பேச்சுக் கொடுத்துப் பயனில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, மூக்கால் மட்டும் இழுத்து மூக்கால் மட்டும் விட்டுக்கொண்டு, குறுக்கே மாட்டிய தபால் பை இடுப்பில் ஆட, அவர் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருப்பார். நீங்கள் அடிவாரத்தில் கேட்டதற்கு உச்சியில்தான் பதில் வரும். "வாயால மூச்சு விடுறவன் பாதி மலையில குந்திருவான். மூக்கு எதுக்கு இருக்கு, மூக்குத்தி போடவா?"

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைத் தபால் கந்தோருக்குப் பத்து மைல். விடிந்ததும் துரையின் கடிதங்களோடு இறங்கி, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். பதினாறு வருடமாக இதே ஓட்டம். கெண்டைக்கால் இரண்டும் கருங்கல்தான். யாராவது பார்க்கிறார்கள் என்றால் வேட்டியை இன்னும் ஒரு சாண் தூக்கிக் கட்டுவார். அட்டை கடித்தாலும் நிற்கமாட்டார். "குடிச்சிட்டுப் போவட்டும், நமக்கு ரத்தத்துக்கா பஞ்சம்?" பதுளைக்கு ரயில் வரப்போகிறதாமே என்று சீண்டினால், "வரட்டுமே! அது தண்டவாளத்துல ஓடும், நான் மலையில ஓடுறேன்" என்பார். அப்பப்பா, அந்தப் பெருமை!

மனைவி இராக்கம்மா சொல்லும் கதை வேறு. "கட்டிக்கிட்ட புதுசுல இவரு நெஞ்சுல காத வச்சேன். ஒண்ணு அடிச்சிச்சு, அடுத்ததக் காணோம். ஐயோ, மனுசன் போயிட்டாருன்னு அலறிட்டேன்!" கேட்டு லயத்து வரிசை வீடுகளெல்லாம் சிரிக்கும்.

அந்த நெஞ்சுதான் போன மாதம் அவரை வம்பில் மாட்டிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மயில்வாகனம் என்ற புது டாக்டர் ஐயா வந்தார். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நாடி பார்த்தார். பூவாண்டியின் மணிக்கட்டைப் பிடித்தவர், கடிகாரம் நின்றுவிட்டதோ என்று அதைக் காதில் வைத்துப் பார்த்தார். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு!

"எழுபது அடிக்க வேணும். உன்ர நெஞ்சு பலவீனம். இனி நீ ஓடேலாது. ஓடினா விழுந்து செத்துப்போவாய்."

ஐயா துரையிடமும் சொல்லிவிட்டார். மறுநாள் பை வேறோர் ஆளின் தோளில் போனது. பூவாண்டியின் கையில் புல் சுரண்டியைக் கொடுத்துத் தேயிலைக்குள் அனுப்பினார்கள். மலையை மிதித்துப் பழகிய மனிதரைக் குனிந்து புல் வெட்டச் சொன்னால் தாங்குமா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலை, புது ஆள் பையோடு கிளம்புகிற நேரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார்.

"ஐயா, படுத்துக் கெடக்குற மாட்டப் பாத்து வண்டி இழுக்காதுன்னு சொல்லலாங்களா? ஓடவிட்டுப் பாருங்க. விழுந்தா வாய்க்கரிசி போடுங்க. விழலேன்னா என் பையக் குடுங்க."

ஆற்றுப் பாலத்திலிருந்து ஆஸ்பத்திரி மேடுவரை இரண்டு தடவை ஓடினார். ஐயாதான் கடிகாரத்தையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பூவாண்டி வந்து நின்றதும் ஐயா கையைப் பிடித்தார். நூற்று நாற்பது. பிடித்த கையை விடவில்லை. ஐந்து நிமிடத்தில் துடிப்பு எழுபதுக்கு இறங்கியது. கால் மணிக்குள் ஐம்பது. ஐயா தன் மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்தார். சும்மா நின்றவருக்குத் தொண்ணூறு!

"பிழை என்ரதுதான்" என்றார், கூடி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி. "நெஞ்சும் கெண்டைக்கால் மாதிரி ஒரு தசைதான். ஓடி ஓடி உன்ரது பெலத்துப் போச்சு. மற்றவைக்கு ரெண்டு அடியில தள்ளுற ரத்தத்தை உனக்கு ஒரே அடியில தள்ளுது. அதுதான் மெல்ல, ஆறுதலா அடிக்குது."

பூவாண்டி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? ஊருக்கெல்லாம் ரெண்டு, நமக்கு ஒண்ணு!"

புது ஆள் பையைக் கழற்றி நீட்டினான். பூவாண்டி வாங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ஐயாவையே பார்த்தபடி நின்றார். ஐயாவின் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பையை வாங்கி, இரண்டு கையாலும் வாரை விரித்துப் பிடித்தார். அப்போதுதான் பூவாண்டி குனிந்து தலையைக் கொடுத்தார்.