எல்லைக்கல்லத் தாண்டாத கோலி

எங்க மாமாவப் பத்தி ஊருக்குள்ள யாருகிட்டயும் கேட்டுப் பாருங்க. "யாரு, கோல் போஸ்ட்ட விட்டுட்டு வெட்டவெளியில நின்னானே, அவனா?"ன்னு நக்கலடிப்பாய்ங்க. அடிச்சுட்டுப் போகட்டும். அவரு எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பி, சென்ட்ரிங் வேலைக்காரரு, எங்க ஊரு புட்பால் டீமுக்கு மொத கோலி.

அவருக்கு முன்னாடி கோலியே இல்லையான்னு கேக்கப்படாது. இருந்தாய்ங்க. எவனுக்கு ஓட முடியலையோ அவன்தான் கோலி. பந்து வந்தா மரியாதையா ஒதுங்கி வழி விடுவான். எங்க மைதானம் வத்துன கண்மாய். கரம்ப மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும், ஊடால கருவேல முள்ளு. அதுல பாஞ்சு விழுந்து பந்தப் பிடிச்ச மொத ஆளு எங்க மாமாதான். கொத்தனாரு மாட்டுற ரப்பர் உறைதான் அவருக்கு கிளவுசு. முழங்கையில தோலு இருக்காது, ஆனா வாயி மட்டும் குறையாது. "சிமிண்டு மூட்டையவே ஒத்தையில பிடிக்கிறவன்டா, காத்தடிச்ச பந்து எனக்கு எம்மாத்திரம்?"னுவாரு.

நான் ரெண்டாப்பு படிக்கையில காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில கெடையாக் கெடந்தேன். பையன் பொழைச்சா தீச்சட்டி எடுக்குறேன்னு மாமா மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டாரு. நான் பொழைச்சுட்டேன், நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். பங்குனிப் பொங்கலுக்கு மாமா கையில காப்புக் கட்டிட்டாங்க. காப்புக் கட்டுனவுக சட்டி எறக்குற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டப்படாது. தாண்டுனா, யாருக்காக நேந்தாங்களோ அவுகளுக்கு ஆகாதும்பாங்க. எனக்கு அதெல்லாம் மண்டையில ஏறல. மாமா கையில மஞ்சக் கயிறு, அம்புட்டுத்தான்.

அதே வாரத்துலதான் பக்கத்து ஊரோட பைனலு. கண்மாய்க்கு நட்டநடுவுல எல்லைக்கல்லு, இந்தப் பக்கம் நம்மது, அந்தப் பக்கம் அவிங்களது. சென்டர் கோட்ட அந்தக் கல்ல ஒட்டித்தான் போட்டிருந்தாங்க. எங்க கேப்டன் அண்ணன் ஒரு யோசனை சொன்னாரு. "கோலி எங்கடா ஓடப் போறான்? நம்ம பக்கத்து போஸ்ட்ல நிக்கட்டும். எல்லையத் தாண்டுற வேலையே இல்ல." ஊரே தலையாட்டுச்சு. எம்மாடி, எம்புட்டு மூளை! ஆப்டைம்ல பக்கம் மாறணும்கிறது ஒருத்தனுக்கும் ஞாபகம் வரல.

மொதப் பாதியில மாமா ஒண்ணையும் விடல. விசில் அடிச்சதும்தான் எல்லாரும் அந்தக் கல்லப் பாத்தாய்ங்க.

"இப்பிடியே ஆடுவோம்ணே"ன்னு எங்காளுக கெஞ்சுனாங்க. "இம்புட்டு நேரம் மூஞ்சில வெயிலு வாங்குனது நாங்க. மாறுங்கடா"ன்னாய்ங்க அவிங்க. ஞாயம்தான்.

கேப்டன் வந்து மாமாவோட காதக் கடிச்சாரு. "மாப்ள, கயித்தக் கழட்டி பையில போட்டுட்டு வா. சாமி என்ன பைனலா பாக்குது?"

"கழட்ட மாட்டேன்."

"அப்ப வேற ஆள நிப்பாட்டுறேன்."

"எவன் இந்த முள்ளுல விழுவான், காட்டு." ஒருத்தனும் கை தூக்கல. "நாந்தான் கோலி. கல்லையும் தாண்ட மாட்டேன்."

சொல்லிட்டு எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நெஞ்ச நிமித்தி நின்னுட்டாரு. எங்க போஸ்ட்டு அங்கிட்டு, அம்புட்டுத் தூரத்துல அநாதையா நிக்குது. ரெப்ரி ஓடியாந்தாரு. "யோவ், ஒன் எடம் அங்கய்யா!"

"கோலி இங்க நிக்கப்படாதுன்னு ரூல்ஸ்ல இருக்கா சார்?"

ரெப்ரி தலையச் சொறிஞ்சுட்டு விசில அடிச்சுட்டாரு.

கல்லுகிட்ட, கோல் பெட்டிக்கு வெளிய நின்னா கோலியும் கையால பந்தத் தொட முடியாது. நெஞ்சால தடுத்தாரு, மண்டையால தடுத்தாரு, ஒருவாட்டி மூஞ்சியாலயே தடுத்தாரு. மூக்குல ரத்தம். கரையில நின்ன எங்கம்மா, "தம்பி, போதும் வந்துருடா!"ன்னு அழுவுது. இவரு ரத்தத்தத் தொடச்சுட்டு, "அடுத்தத அடிங்கடா!"ங்குறாரு. பக்கத்து ஊர்க்காரய்ங்களே கை தட்டுனாய்ங்க.

கடைசியில எங்காளுக கோல் ஆசையில மொத்தமா முன்னாடி ஏறிட்டாய்ங்க. அவிங்க போஸ்ட்டுகிட்ட தடுத்து நின்ன பேக்கு ஒருத்தன் தூக்கி அடிச்சான். பந்து மாமா தலைக்கு மேல போயி, அங்கிட்டு விழுந்து, போஸ்ட்டப் பாத்து மெதுவா உருளுது. வெரட்டிப் போனா பிடிச்சிரலாம். மாமா திரும்பி ஓடுனாரு. கல்லுகிட்ட வந்ததும் காலு நின்னுருச்சு.

"தாண்டு மாமா! தாண்டு!"ன்னு தொண்ட கிழியக் கத்துறேன். அவரு பந்தப் பாக்கல. என்னையத்தான் பாத்தாரு.

கோலு.

"ஒன்னால கப்பு போச்சுடா"ன்னு கேப்டன் காறித் துப்புனாரு. "கப்பு சமயநல்லூர்ல கடையில தொங்குதுண்ணே, போயி வாங்கிக்க"ன்னு சொல்லிட்டு மாமா நேரா எங்கிட்ட வந்தாரு. ரப்பர் உறையக் கழட்டிட்டு, பொறங்கைய என் நெத்தியில வச்சுப் பாத்தாரு. நான் வெடுக்குன்னு தட்டி விட்டேன். "பயந்தாங்கொள்ளி!"

"ஆமாடா மாப்ள"ன்னாரு.

தோத்துட்டு, மூக்கு ஒடஞ்சு, ஊருகிட்ட ஏச்சு வாங்குன மனுசன், கப்பு ஜெயிச்சவன் கணக்கா எதுக்கு இப்பிடிச் சிரிச்சுக்கிட்டே போறாருன்னு அன்னைக்கு எனக்கு வெளங்கவே இல்ல.